வீணையோடு மூன்று ஷோரூம்

என் மனைவி வசந்தா மயிலாப்பூரிலிருந்து சனிக்கிழமைதோறும் நங்கநல்லூர் போய் வீணை சொல்லித் தருகிறாள். வீணையை இரண்டாவது மாடிக்குத் தூக்கிப் போவது என் வேலை. போன மாதம் ஒரே நாளில் நாலு ஆட்டோக்காரர்கள் வீணையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டதும், "இனி அந்த கிளாஸே வேண்டாம், விட்டுடறேன்" என்றாள். அவளுக்கு அந்தப் பிள்ளைகள்தான் உயிர். மறுநாள் ஞாயிறு, மின்சாரக் கார் பார்க்கக் கிளம்பினோம். வீணையும் வந்தது.

"அளவு எடுத்துண்டு போனா போறாதா?" என்றேன்.

"மேட்சிங் பிளவுஸ் வாங்கப் போறச்சே புடவையை ஆத்துலயா வச்சுட்டுப் போவா?"

வீணையைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோ பிடித்தேன்.

"இன்னா சார், எங்க கச்சேரி?" என்றார் ஆட்டோக்காரர். கார் ஷோரூமில் என்றேன். தி.நகருக்கு நூற்றைம்பது ரூபாய் வாங்கினார்.

தி.நகர் கார் எட்டரை லட்சம். ஒரு சார்ஜுக்கு இருநூறு கிலோமீட்டர் என்றார்கள். ஏசி போட்டால் என்று கேட்டேன், விற்பனைப் பெண் சிரித்தாள். எப்படி வைத்தாலும் வீணையின் தலை கதவுக்கு வெளியே நின்றது.

ஆழ்வார்பேட்டை கார் பதினெட்டு லட்சம், நானூறு கிலோமீட்டர். வீணை சுகமாகப் படுத்துக்கொண்டது. கூரை முழுக்கக் கண்ணாடி. சென்னை வெயிலில் அதற்கு எதற்குக் காசு? எங்கள் பட்ஜெட் பன்னிரண்டு.

அடையாறு கார் பதினொன்றே முக்கால் லட்சம். இருநூற்றெண்பது கிலோமீட்டர், வீட்டு ஏசி பிளக்கிலேயே ராத்திரி சார்ஜ் போடலாம். பின் சீட்டை மடித்து, முன்பக்க இடது சீட்டைச் சாய்த்ததும் வீணை கச்சிதமாக உட்கார்ந்தது.

"பர்ஃபெக்ட், மேடம்," என்றான் விற்பனைப் பையன்.

"நான் எங்கே உட்காருவது?" என்றேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, வசந்தாதான் ஓட்டுவாள்.

பின் சீட் பாதியாக மடங்கும் மாடலும் உண்டாம், தொண்ணூறாயிரம் கூடுதல்.

"உங்களுக்காகத் தொண்ணூறாயிரமா?" என்று கேட்டுவிட்டு, வசந்தா முழுசாக மடங்கும் மாடலுக்கே முன்பணம் கட்டினாள்.

கார் பார்க்கப் போகிறவர்களுக்கு: விலை, கிலோமீட்டர் எல்லாம் போனிலேயே கேட்டுக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் பெரிய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள். பின் சீட் எப்படி மடங்குகிறது என்று பாருங்கள். கணவன்மார்கள் இதை அவசியம் பார்க்கவும்.

கார் வந்த முதல் சனிக்கிழமை வசந்தா கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "ஏன்னா, நீங்க அரை மணி முன்னாடியே பஸ்ல கிளம்பிடுங்கோ. மாடிக்கு வீணையைத் தூக்க ஆள் வேணுமே."