ரிபன் வெட்டித் திறந்த இரகசிய கிளினிக்

தூரக் கிராமங்களில் பாலியல் தொற்று நோய்களைக் கட்டுப்படுத்த அரசாங்கக் காசு வந்த வருடம், எங்கள் அலுவலகத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது மருந்து அல்ல, பெனர் என்ற துணிப் பதாகை. மூன்று மொழியில் நோயின் பெயர், நாலு பேர் சேர்ந்து தூக்கும் நீளம். அதன் கீழே உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் ரிபன் வெட்ட வேண்டும், அதைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. இரகசியமாகப் பார்க்க வேண்டிய நோய்க்குத் திறப்பு விழா.

நான் கல்முனைப் பக்கம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக நெடுங்காலம் அலைந்தவன். புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைமாருக்காக எழுதுகிறேன். ஆளையும் ஊரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

1. ஒரு மனிதர் வர வேண்டும்

ஒலுவிலுக்கு அப்பால் ஒரு கடலோரக் குடியிருப்பு. அங்கே கர்ப்பிணிப் பெண் ஒருவரின் இரத்தத்தில் சிபிலிஸ் தெரிந்தது. அவருக்கு ஊசி போட்டாயிற்று. புருஷனும் போடாவிட்டால் நோய் அவருக்குத் திரும்பி வந்து, வயிற்றுப் பிள்ளை வரைக்கும் போகும்.

புருஷன் அந்த ஊர் மீனவர் சங்கத் தலைவர். கல்முனைக்கு வரச் சொன்னால், பஸ் கண்டக்டர் தன் மச்சானாம், கிளினிக் வாசலில் வடை விற்பவர் சாச்சாவாம். அவர் சொன்னதைக் கேட்டால் அந்தத் தெருவில் அவருக்குச் சொந்தமில்லாதது ஆஸ்பத்திரிக் கட்டிடம் ஒன்றுதான். சரி, கிளினிக்கையே ஊருக்குக் கொண்டு வருகிறோம் என்றேன். பெனரைப் பற்றிக் கேள்விப்பட்டதும், அன்றைக்குத் தனக்குக் கடலில் வேலை என்று சொல்லிவிட்டார்.

ரிபன் வெட்ட யாரைப் போடுவது என்று ஊரில் விசாரித்தேன். யாரைக் கேட்டாலும் ஒரே பதில், சங்கத் தலைவர்தான். வேறு வழியில்லாமல் போய்க் கேட்டேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"சேர், ரெத்ததான முகாம் திறக்கக்குள்ள பெரியாக்கள்தானே முதல்ல படுத்து ரெத்தம் குடுக்கிற?"

"ஓம்."

"அப்ப இதிலயும் ரிபன் வெட்டுற ஆள்தானே முதல்ல உள்ளுக்குப் போகணும்?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "போகாட்டி மரியாதையா இரிக்காதே, தலைவர்."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப வெள்ளைச் சட்டையத் தோய்ச்சு வைக்கச் சொல்றன்" என்றார்.

2. அரை மணித்தியாலம்

விழா பாடசாலையில் நடந்தது. தலைவர் ரிபன் வெட்டினார், பெனரின் கீழ் நின்று மைக்கில் பேசினார். தூரத்து மீன்வாடிகளில் மாசக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறவர்கள் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்று மேசையில் தட்டியே சொன்னார். நோயைப் பற்றி மைக்கில் பேசுகிறவருக்கு நோய் இருக்கும் என்று யார் நினைப்பார்? பெண்கள் பக்கத்தில் அவர் மனைவி மட்டும் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

பிறகு தலைவர் உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. டொக்டர் இரத்தம் எடுத்து, ஊசியும் போட்டார். பெனிசிலின் ஒத்துக்கொள்ளுதா என்று பார்க்க அரை மணித்தியாலம் இருத்த வேண்டும். சும்மா இருத்தாமல் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்தோம்.

அடுத்தது பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் மரைக்கார். இரத்தம் எடுத்து, போகலாம் என்றதும் அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. கதவு திறந்து கிடந்தது, வெளியே ஊரே காது கொடுத்து நின்றது.

"தலைவர் போனா அரை மணித்தியாலம் கதவு சாத்திக் கிடக்கு. நான் வந்தா ரெண்டு நிமிசமா? அவருக்கு அப்பிடி என்னத்தச் செஞ்ச நீங்க?"

அந்த இளம் டொக்டருக்கு முகம் வெளிறிவிட்டது. என்ன பதில் சொன்னாலும் தலைவரின் மானம் போகும். நான் போய்க் கதவைச் சாத்தினேன்.

"மரைக்கார், தேத்தண்ணிக்குச் சொல்லத்தான் கதவத் திறந்த. உங்களுக்குச் சீனி கூடவா, குறைச்சா?"

"கூட" என்று சாய்ந்து உட்கார்ந்தார்.

அதோடு வழக்கமாகிவிட்டது. அதிபர் வந்தார், தோணிச் சொந்தக்காரர்கள் வந்தார்கள், வயல்களுக்குப் பொறுப்பான வட்டை விதானை வந்தார். மரைக்காருக்குக் குறையாத நேரம் எல்லாருக்கும் வேண்டும். நாலாவது யார், ஐந்தாவது யார் என்று வாசலில் சண்டை. இன்னும் இரண்டு வகுப்பறைகளைத் திறந்தோம், அப்படியும் முகாம் மறுநாளைக்கு நீண்டது. அந்தச் சாத்திய கதவுகளுக்குள் கூச்சம் விட்டு அறிகுறி சொன்ன வேறு சிலருக்கும் ஊசி போனது. யார் யாருக்கு என்று ஊருக்குத் தெரியாது. எல்லாரும் ஒரே அளவு நேரம் உள்ளே இருந்து, ஒரே மாதிரி மீசையில் பிஸ்கட் தூளோடுதான் வெளியே வந்தார்கள்.

போட்டோவில் பெனர் முழுதாக விழுந்திருக்கிறது என்று மேலிடம் பாராட்டியது.

சில மாதம் கழித்து அந்தப் பகுதி மிட்வைஃப் போன் எடுத்தார். "ஆம்பிளப் புள்ள, சேர். புள்ளைட ரெத்தத்தில ஒண்டுமில்ல."

தம்பி தங்கைமாரே, காசு வந்தால் பெனரும் வரும், அதோடு மல்லுக்கட்டி நாளைக் கழிக்காதீர்கள். நோய்க்காரருக்கு ஒரு கதவு, மற்றவருக்கு ஒரு கதவு என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். எல்லாரையும் உள்ளே எடுங்கள், எல்லாருக்கும் கதவைச் சாத்துங்கள், எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றுங்கள்.