அப்பா தூங்காத படம்

எங்கள் வீட்டுப் பெண்கள் சினிமாவுக்குப் போக வேண்டுமானால், அப்பா முதலில் பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் போன புதிது. முதலியார்பேட்டையில் இருந்தோம். மில்லில் இரவு வேலை முடித்த அலுப்போடு அப்பா மத்தியான ஆட்டத்துக்குப் போவார், துணைக்கு நான். விளக்கு அணைந்ததும் குறட்டை. தூக்கம் நன்றாக வந்திருந்தால் அது நல்ல படம். நடுவில் யாராவது எழுப்பிவிட்டால் மோசமான படம். இந்த விமரிசனத்தை நம்பித்தான் அம்மாவும் அத்தையும் படம் பார்த்தார்கள்.

அத்தை அப்பாவின் தங்கை. அதே மில்லில் நூல் சுற்றினாள். கூட வேலை செய்த ஒருவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு அண்ணனிடம் சொல்லியும்விட்டாள். அவர் வேறு சாதி. "பாக்கலாம்" என்றதோடு சரி, அப்பா வாயைத் திறக்கவில்லை. உழவர்கரையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வேறு அத்தையைப் பெண் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் வீட்டில் எல்லோருமே எப்போதும் அசந்துபோயிருப்பார்கள். ஒரு பேச்சைப் பேசி முடிக்கக்கூட யாருக்கும் தெம்பிருக்காது.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. காதலித்த பெண்ணின் வீட்டுக்குள் நுழைய ஒருவன் பாட்டு வாத்தியார் வேஷம் போடுகிறான். பாட்டு மட்டும் சுட்டுப்போட்டாலும் வராது. கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, சிரிக்காமல், கடைசிவரை பார்த்தார்.

"படம் ஒண்ணும் நல்லால்ல. யாரும் போவ வேணாம்" என்று வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டு, பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அத்தைக்கு முழுக் கதையையும் நடித்துக் காட்டினேன். சாம்பல் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

"கடைசியில பொண்ணோட அண்ணன் என்னா சொன்னான்?" என்று கேட்டாள்.

"அவனே போயி கல்யாணத்துக்கு மேளக்காரங்கள கூட்டியாந்துட்டான் அத்த. ஒரே சிரிப்பு."

"உங்கப்பா அதப் பாத்தாரா? தூங்கிட்டிருப்பாரே."

"இல்லத்த, கண்ணக்கூட மூடல."

"அப்ப அதப் பாத்துட்டுத்தான் நல்லால்லன்னாரு" என்று அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டாள். "ஒடம்பு அசதியா இருக்குது பாப்பா, நீ போயி வெளயாடு" என்றாள். மறுநாள் உழவர்கரைக்காரர்களுக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள்.

நானோ, அத்தையைச் சிரிக்கவைத்த பெருமையில், பக்கத்து வீட்டிலும் அதே கதையை நடித்துக் காட்டப் போனேன். அண்ணனுடைய பதிலுக்காகத்தான் அவள் அத்தனை நாள் காத்திருந்தாள் என்பதும், அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான் என்பதும் அப்போது எனக்குத் தெரியவில்லை.