இடப்பக்கத்து முடிச்சு

மதினியின் நீல பிளாஸ்டிக் தாள் இன்னும் எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. ஏலக்காட்டில் மழை பெய்தால் அதைத் தலையில் போர்த்தி, கயிற்றைக் கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்வோம். என் அண்ணன் மனைவியான மதினி எப்போதும் வலப்பக்கம்தான் முடிச்சுப் போடுவாள். அந்த வருஷம் மழை தொடங்கிய சில நாளில் முடிச்சு இடப்பக்கம் போயிருந்தது. ஏன் என்று பார்த்தேன். வலது காதுக்குக் கீழே சுண்டைக்காய் அளவில் ஒரு வீக்கம்.

பார்த்தேன், சொல்லவில்லை. மதினியின் கழுத்தைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? நான்காம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசும். "எங்க கொழுந்தனாருக்கு அட்டை கடிச்சாத்தான் வாய் தெறக்கும்" என்று அவள் காட்டையே சிரிக்க வைப்பாள். நானும் சிரிப்பேன்.

காயெடுப்பு முடிகையில் அது நெல்லிக்காய் அளவாகிவிட்டது. அப்போதுதான் அண்ணன் பார்த்தார். "நெறி கட்டியிருக்கு. எங்கயாச்சும் புண்ணு இருக்கும், தேடு" என்றார். எங்கள் வழக்கம் அது. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். தலையில் புண்ணோ பல்லில் சீழோ இருந்தால் கழுத்தில் கட்டும். புண் ஆறினால் நெறியும் வடியும். அது பொய்யில்லை. அதனால்தான் ஏமாந்தோம். பிடரியில் ஓர் அட்டைக்கடி இருந்தது. மஞ்சள் பூசினோம், ஆறியது. பிறகு ஒரு சொத்தைப்பல் கிடைத்தது, பிடுங்கினோம். நெறி வடியவில்லை. "வலிக்கவே இல்லையே, பெறகென்ன?" என்பாள் மதினி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலால் அழுத்தினார். அது அசையவில்லை. "நோவுண்டோ?" என்று மலையாளத்தில் வலியைக் கேட்டார். "இல்ல சார்" என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள். டாக்டரின் முகம் மாறியது. புண்ணால் கட்டும் நெறி பெரும்பாலும் வலிக்கும், சில வாரங்களில் வற்றிவிடும், இப்படிக் கல்லாக நின்று வளர்வதை உடனே காட்டியிருக்க வேண்டும் என்றார். காசநோயாகவும் இருக்கலாம், ஊசி குத்திப் பார்ப்போம் என்றார். எத்தனை நாளாயிற்று என்று கேட்டதற்கு, "ஒரு மாசம் இருக்கும்" என்றார் அண்ணன்.

நான் வாய் திறந்தேன். "மழை தொடங்குனதுலேர்ந்தே இருக்கு சார்."

மதினி திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் வரும்போதுதான் கேட்டாள்.

"கொழுந்தனாரே, அப்பவே பாத்துட்டீகளா?"

"பாத்தேன் மதினி."

"கயிறு உறுத்துதேன்னு முடிச்ச மாத்திக் கட்டுனேன். என்னன்னு நான் பாக்கல. நீங்க பாத்திருக்கீக."

அன்று அவள் கேலி எதுவும் செய்யவில்லை.

காசநோயாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டோம். அதற்கு மாத்திரை உண்டு. நோய் கேட்டு சாமி கும்பிட்டது அந்த ஒரு முறைதான். அதுவும் கிடைக்கவில்லை, புற்று என்று வந்தது. அடுத்த மழைக்கு அவள் இல்லை.

இன்று காலையும் மழை. "சும்மாதான தொங்குது, எடுத்துப் போட்டுக்கடா" என்றார் அண்ணன். கயிறு இன்னும் இடப்பக்கம் முடிச்சிட்டபடியே இருக்கிறது. அதை அவர் கவனித்ததில்லை. நான் தாளை எடுக்காமல் நனைந்துகொண்டே காட்டுக்குப் போனேன்.