சாட்சி கேட்டவன்

போதையில் எதையாவது பார்த்திருப்பான் என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மாலை என் உடம்பில் போதை ஒரு துளிகூட இல்லை. ஊசியை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்று குடித்ததெல்லாம் காப்பிதான். அதுவும் எங்கள் சமையல்காரன் சீஸ்தோ போட்ட காப்பி. அதைக் குடித்துக் கிறங்கியவன் இதுவரை யாரும் கிடையாது. நான் சொல்லப்போவதில் பாதியை என்னோடு எங்கள் இல்லமே பார்த்தது. மீதிப் பாதியை வேறொரு ஊரில் வேறு ஆட்கள் பார்த்தார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் எங்களுக்குத் தூக்கம் போனது.

புவேர்த்தோ ரிக்கோவில், உத்துவாதோ மலைமேல் எங்கள் இல்லம். ஊசிக்காரன், குடிகாரன், மாத்திரைக்காரன் எல்லாருக்கும் ஒரே வைத்தியம்தான்: ஜெபம், கோழி சூப், வேலை. மருந்து கிடையாது. நடத்துகிறவர் பாஸ்டரம்மா சொராய்தா. அவரும் ஒரு காலத்தில் ஊசி போட்டவர்தான் என்பதால் அவரிடம் யாருடைய பருப்பும் வேகாது.

புதிதாக வருகிறவனுக்கு ஒரு பழைய ஆளைத் துணை போடுவார்கள். அவனுக்கு 'நிழல்' என்று பெயர். புதியவன் வாந்தியெடுத்தாலும் கழிப்பறைக்குப் போனாலும் நிழல் கூடவே இருக்கவேண்டும். தாங்க முடியாமல் ஓடப்பார்த்தால் கட்டிவைக்க மாட்டோம். நிழல் கேட் வரை கூடப் போய், தோளில் கைவைத்து ஜெபித்து அனுப்புவான். ஆனால் கேட்டைத் தாண்டக் கூடாது. கீழே சாலை வளைவிலேயே சரக்கு விற்பார்கள். ஓடுகிறவனை மீட்கப் போன நிழல் அவனோடு சேர்ந்தே ஊசியைப் போட்டுக்கொண்ட கதைகள் எங்களிடம் ஏராளம்.

இன்னொரு வழக்கம், சாட்சி. கர்த்தர் உன்னை எந்தக் குழியிலிருந்து தூக்கினார் என்பதை யார் கேட்டாலும் சொல்லவேண்டும். கேட்காவிட்டாலும் சொல்லவேண்டும். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சாட்சி சொல்லுகிற கூட்டம் நாங்கள்.

அது அக்டோபர் மாதம். நல்ல மழை. மாலை ஆறு பத்துக்குக் கேட் மணி அடித்தது.

நான்தான் போய்த் திறந்தேன். என் வயது மதிக்கத்தக்க ஒருவன், கையில் பை எதுவும் இல்லாமல் நின்றான். எரிபெர்த்தோ என்று பெயர் சொன்னான். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. வழக்கப்படி சட்டைப் பை, பேண்ட் பை, செருப்பு, வாய்க்குள் எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

"டேய் நப்தலி, உனக்கு ஆள் வந்தாச்சு!" என்று சீஸ்தோ சமையலறையிலிருந்து கத்தினான். "இன்னைக்கு நீ தூங்கின மாதிரிதான்!"

அவனை உள்ளே கூட்டி வரும்போதே எனக்கு எதுவோ உறுத்தியது. பாம்பின் கால் பாம்பறியும். ஊசியை நிறுத்தியவன் கொட்டாவி விட்டுக்கொண்டே இருப்பான். மூக்கு ஒழுகும். கையில் மயிர் சிலிர்த்து, இறகு பிடுங்கிய கோழித்தோல் மாதிரி ஆகிவிடும். இவனுக்கு நடுக்கம் மட்டும்தான் இருந்தது. ஒரு கொட்டாவிகூட இல்லை. கையைத் தொட்டுப் பார்த்தேன். தோல் வழவழவென்று இருந்தது.

'நடிக்கிறான்' என்று முடிவுகட்டினேன். போலீஸ் உளவாளியாக இருக்கலாம். வளைவில் சரக்கு விற்பவன் அனுப்பிய ஆளாகவும் இருக்கலாம். எங்களால் அவனுக்கு வியாபாரம் படுத்துவிட்ட கோபம் ஊருக்கே தெரியும்.

ஏழு மணிக்கு ஆராதனை. என் பக்கத்தில் நின்று எல்லாப் பாட்டையும் புத்தகம் பார்க்காமல் பாடினான். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். ஒரு சொல் மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை. கர்த்தர் என்றான், ராஜா என்றான், மேய்ப்பர் என்றான். இயேசு என்று வரும் இடத்தில் மட்டும் அவன் குரல் நின்றுவிட்டு, அடுத்த சொல்லில் திரும்பச் சேர்ந்துகொண்டது.

பாட்டு முடிந்ததும் சமையலறைக்குள் எட்டிப்பார்த்துச் சீஸ்தோவிடம் சொன்னேன்.

"அவன் ஏசப்பா பேரையே சொல்ல மாட்டேங்கறான்டா."

"நீ வந்த புதுசுல என் அம்மாவைத் திட்டினதைத் தவிர வேற எதையும் சொல்லல. அதுக்கு என்ன இப்ப? போடா, சோறு ஆறுது."

சாப்பாட்டு மேசையில் அவன் எனக்கு எதிரே உட்கார்ந்தான். அரிசிச் சோறும் அவரைக் குழம்பும். நான் கரண்டியை எடுத்தால் அவனும் எடுத்தான். நான் மென்றால் அவனும் மென்றான். நான் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடிக்காமல் கீழே வைத்தேன். அவனும் அப்படியே வைத்தான்.

ஏழே முக்கால் இருக்கும். "பிரதர்... உங்க சாட்சியைச் சொல்லுங்களேன்" என்றான்.

சந்தேகம் இருந்தது. இருந்தும் சொன்னேன். சாட்சி கேட்டவனுக்கு மறுக்க எங்களுக்குத் தெரியாது. தவிர, எனக்கு என் கதையைச் சொல்லப் பிடிக்கும். போலீசுக்குப் பயந்து மதில் குதித்து இடது முழங்கால் உடைந்தது, அம்மாவின் தையல் மிஷினை விற்றது, எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியை நிறுத்திய வாதையில் இருப்பவன் முனகுவானே தவிர, எதையும் காதில் வாங்க மாட்டான். இவன் வாங்கினான். நடுநடுவே கேட்கவும் செய்தான்.

"உங்களுக்கு நிழலா இருந்தது யாரு?"

"அபிமாவேல். இப்ப குவானிக்கால நம்ம இன்னொரு இல்லத்தைப் பார்த்துக்கறாரு. தங்கமான மனுஷன். பதினாறு வருஷமா ஊசியைத் தொடல."

"உங்களை எப்படிக் கூப்பிடுவாரு?"

"மகனேன்னு."

"நீங்க ஓடப் பார்க்கலையா?"

அதையும் சொன்னேன். வாதை தாங்காமல் நான் ஓடிய ராத்திரியில் அபிமாவேல் கேட்டைத் தாண்டி வந்துவிட்டார். சேற்றில் கிடந்த என்னைத் தோளில் போட்டு மலை ஏறினார். விதியை மீறிய காரியம் என்பதால் இருவரும் வெளியே மூச்சு விடவில்லை. அதுவரை பாஸ்டரம்மாவிடம்கூடச் சொல்லாத அந்தச் சங்கதி, அன்று தானாக என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"எந்தத் தோள்ல?" என்று கேட்டான்.

எனக்குச் சுருக்கென்றது. எந்த ஊசிக்காரன் இப்படிக் கேட்பான்?

பதில் சொல்லாமல் எழுந்தேன். தட்டுக் கழுவப் போனோம். அப்போதுதான் அவன் நடையைக் கவனித்தேன். வந்தபோது நேராக நடந்தவன், இப்போது இடது காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தான்.

என்னைப்போலவே.

கேலி செய்கிறான் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. பரீட்சைக்குப் படிக்கும் பையனைப் போல என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டு முப்பத்தைந்து. மழை விட்டிருந்தது.

"நான் போறேன்" என்றான்.

யாரும் தடுக்கவில்லை. "இருப்பா, காலைல பேசலாம்" என்று பாஸ்டரம்மா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவனோடு நடந்தேன்.

மழை விட்டால் எங்கள் மலையில் கோக்கீத் தவளைகள் காதைப் பிளக்கும். 'கோ...க்கீ... கோ...க்கீ...' என்று லட்சம் குரல்கள். பாதையில் நாங்கள் இறங்க இறங்க, பக்கத்துப் புதர்களில் சத்தம் நின்றது. நாங்கள் கடந்த பின்னும் அவை கத்தவில்லை.

கேட்டுக்கு வந்தோம். கொண்டியை நீக்கினேன். அவன் வெளியே போய் நின்றான். நான் உள்ளே. ஜெபிப்பதற்காக அவன் தோளைத் தொடக் கை நீட்டினேன். ஒரு அடி பின்னால் போய்விட்டான்.

"நீயும் வா" என்றான். 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது.

"நான் தாண்ட மாட்டேன்."

கையை விரித்தான்.

சின்னப் பொட்டலம். நீல நிறத்தில் சேவல் முத்திரை.

நான் வாங்கிக்கொண்டிருந்த சரக்கு. சாட்சியில் அதை நான் சொல்லவே இல்லை...

அவன் பைகளைத் தடவிப் பார்த்தவனும் நான்தான்.

ஊசிக்காரர்களுக்குத் தெரியும், சரக்கைக் கண்ணால் பார்த்தாலே குடல் முறுக்கும். வாயில் எச்சில் ஊறியது. ஒரு வருட ஜெபம், உபவாசம், கண்ணீர் எல்லாம் அந்த ஒரு விநாடியில் எங்கே போனதோ தெரியவில்லை. எனக்கு அது வேண்டும். அவ்வளவுதான். என் வலது காலைத் தூக்கியே விட்டேன்.

கேட்டின் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தேன்.

மனப்பாடம் செய்த சங்கீதத்தைச் சொல்லத் தொடங்கினேன். கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்...

அவன் உதடும் அசைந்தது.

என்னோடு. ஒரே நேரத்தில். அதே சொற்கள்.

நிறுத்தினேன். அவனும் நிறுத்தினான்.

"ஆண்டவரே" என்றேன்.

"ஆண்டவரே" என்றான். என் குரலில்.

பிறகு புரிந்தது. அவனால் சொல்ல முடியாதது ஒன்றே ஒன்றுதான்.

"இயேசுவே..."

அவன் வாய் மூடிக்கொண்டது.

"இயேசுவே. இயேசுவே. இயேசுவே."

வேறு எதுவும் சொல்லவில்லை. விடுவி என்றுகூடக் கேட்கவில்லை. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். தொண்டை கட்டும் வரை சொன்னேன். தூக்கிய கால் மெதுவாகத் தரையில் இறங்கியது. கேட்டுக்கு உள்ளே.

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சரி. அப்ப நீ வேணாம்."

இடது காலைச் சாய்த்துச் சாய்த்து, இருட்டில் இறங்கிப் போனான். கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு ஐம்பத்திரண்டு.

தவளைகள் கத்தத் தொடங்கின.

மேலே வந்து பாஸ்டரம்மாவிடம் அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். அவர் என் தலையில் கைவைத்தார்.

"பிசாசோ மனுஷனோ, எனக்குத் தெரியாது. நீ நின்னுட்ட. ஸ்தோத்திரம் சொல்லிட்டுப் போய்த் தூங்கு."

சீஸ்தோ கேலி பேசவில்லை. எனக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு என் அறையிலேயே பாயைப் போட்டுக்கொண்டான். அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பெருமையோடு தூங்கினேன்.

காலையில் போன் வந்தது. பாஸ்டரம்மா பேசினார். பேசிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். போனை வைத்துவிட்டு வந்து என் கன்னத்தைத் தொட்டார். கையைத் தொட்டார்.

"நேத்து ராத்திரி நீ எங்க இருந்த?"

"இங்கதானே பாஸ்டரம்மா..."

"என் கூடத்தான் படுத்திருந்தான்" என்றான் சீஸ்தோ. "குறட்டை தாங்கல. ஏன், என்னாச்சு?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

ஒன்பது மணிக்கு நான் குவானிக்கா இல்லத்துக்குப் போனேனாம். எங்கள் மலையிலிருந்து தெற்குக் கடற்கரைக்குக் காரிலேயே ஒன்றரை மணி நேரம் ஆகும். நனைந்து, நடுங்கிக்கொண்டு, கேட்டில் நின்றேனாம். "திரும்ப விழுந்துட்டேன்" என்றேனாம். அபிமாவேலே ஓடி வந்து திறந்தாராம். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாராம். "இவனுக்கு நான்தான் நிழல், வேற யாரும் வேணாம்" என்றாராம். பத்தரைக்கு நான் வெளியே கிளம்பினேனாம். அபிமாவேல் கேட் வரை கூட வந்தாராம். நான் சாலையில் கொஞ்ச தூரம் போய்ச் சேற்றில் விழுந்து, அவரைப் பார்த்துக் கை நீட்டினேனாம்.

"என் மகனை இன்னொரு தடவை தூக்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அபிமாவேல் கேட்டைத் தாண்டினார்.

விடியற்காலையில் அலையாத்தி மரங்களுக்கு அடியில் அவரைக் கண்டெடுத்தார்கள். கையில் ஊசி குத்தியபடி இருந்தது. பதினாறு வருடம் சுத்தமாக இருந்த கை.

நான் தரையில் விழுந்து கதறினேன். அவர் கேட்டைத் தாண்டுகிற மனிதர் என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மூன்றாவதாக ஒருவனுக்கு என் வாயால் சொன்னேன்.

அடக்கத்துக்குக் குவானிக்கா போனோம். அங்கிருந்த சகோதரர்கள் என்னைக் கண்டதும் ஒதுங்கினார்கள். அன்றிரவு கேட்டில் காவல் இருந்த மீஷாவேல் மட்டும் என் முன்னால் வந்து நின்றார்.

"பிரதர், ஏசப்பா பேரைச் சொல்லுங்க."

சொன்னேன்.

அப்புறம்தான் என் கையைப் பிடித்தார்.

"அன்னைக்கு நீங்க... அது... வெளிய போறதுக்கு முன்னாடி ஒன்றரை மணி நேரம் எங்களோடதான் உட்கார்ந்திருந்துது" என்றார். "காப்பி குடுத்தோம், குடிக்கல. ஒவ்வொருத்தர்கிட்டயும் சாட்சி கேட்டுச்சு, பிரதர்."

"நீங்க..."

"எல்லாரும் சொன்னோம்."