டாக்டர் சொன்னதில் முக்கியமானது எது?

மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் வேலை என்பது, இரண்டு பேருக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவது. அம்மாவையோ மாமியாரையோ டாக்டரிடம் அழைத்துப்போய், அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொல்லத் தவித்தவர்களுக்கு என் பாடு புரியும். நீங்கள் சும்மா படுகிறீர்கள், நான் சம்பளத்துக்குப் படுகிறேன்.

மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் எல்லாருக்கும் அவசரம். ஒரு டாக்டருக்கு 'ஜிஸ்ட்' போதும். இன்னொருவருக்கு 'க்ரக்ஸ்' வேண்டும். தாதிகளுக்கு 'மெயின் பாயிண்ட்'. சாரம் என்பதற்கு ஆங்கிலத்தில் இத்தனை சொற்கள் இருப்பதே அடுத்தவர் பேச்சை முழுசாகக் கேட்காமல் தப்பிக்கத்தானோ என்று எனக்குச் சந்தேகம். எங்கள் விதி இதற்கு நேர்மாறு. அறைக்குள் யார் எந்த மொழியில் எதைச் சொன்னாலும், கூட்டாமல் குறைக்காமல் மற்றவருக்குச் சொல்லியாக வேண்டும்.

ஜிஸ்ட்

பாலிக் புலாவிலிருந்து டுரியான் பழத் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். உடம்புக்கு என்ன என்று டாக்டர் கேட்டதும் மழையில் ஆரம்பித்தார். பூவெல்லாம் உதிர்ந்த கதை, மருமகன் மோட்டார் சைக்கிளை விற்ற கதை எல்லாம் வந்தது. நானும் விடாமல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஜிஸ்ட், ப்ளீஸ்."

அதையும் தமிழில் சொன்னேன். மனிதர் எழுந்து கதவு வரைக்கும் போனார். அங்கே நின்று திரும்பி, காலையிலிருந்து நெஞ்சை அழுத்துகிறது, இடது கை மரத்துக் கிடக்கிறது என்றார். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று வார்டில் கேட்டேன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"டாக்டரு மூஞ்சியப் பாத்த ஒடனே நெஞ்சு வலின்னா ஆரம்பிக்கிறது? நல்லாவா இருக்கும் தங்கச்சி?"

மெயின் பாயிண்ட்

சரசு அக்கா ஜெலுத்தோங் சந்தையில் காய்கறி விற்பவர். தொண்டையில் புற்றுநோய். அவருடைய மலாய், கீரை விற்கப் போதும், இதைப் பேசப் போதாது. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அறைக்குள் போகுமுன் அவர் மகன் முரளி என்னை ஓரமாக நிறுத்தினான். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பையன். டாக்டர் அவனிடம் முன்பே பேசியிருந்தார். குரல்வளையை எடுத்தால் உயிர் பிழைக்கலாம், ஆனால் குரல் போய்விடும். பிற்பாடு கருவி வைத்துப் பேசப் பழகலாம், இந்தக் குரல் மட்டும் திரும்பாது.

குரல் போகும் என்று தெரிந்தால் அம்மா கையெழுத்துப் போடமாட்டார் என்று கெஞ்சினான். முடியாது என்றேன்.

"ஆபரேஷன் செஞ்சா பொழைச்சுக்குவாங்க, அதான லா மெயின் பாயிண்ட்? அத மட்டும் சொல்லுங்கக்கா."

க்ரக்ஸ்

உள்ளே போய் உட்கார்ந்தோம். டாக்டர் லிம் வாயைத் திறக்குமுன் முரளி முந்திக்கொண்டு அவரிடம் ஆங்கிலத்தில் பேசினான். நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். பெரியவர்களுக்குத் தெரியக் கூடாதென்றால் அவர்கள் எதிரிலேயே இங்கிலீஷுக்குத் தாவிவிடுவோம். பக்கத்தில் நான் எதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்பதை அவன் மறந்துவிட்டான்.

சரசு அக்கா என் முகத்தைப் பார்த்தார். விதி விதிதான். சொன்னேன். "உங்கள் மகன் டாக்டரிடம் சொல்கிறார்: ஆபரேஷன்தான் விஷயத்தின் க்ரக்ஸ், அம்மாவுக்கு அது தெரிந்தால் போதும், குரல் போய்விடும் என்பதைச் சொல்ல வேண்டாம்."

முரளியின் முகம் வெளுத்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினார். தள்ளிப்போட நாளில்லை என்பதையும் சொன்னார். அக்கா முழுவதையும் கேட்டார், கையெழுத்து மட்டும் போடவில்லை. அவருடைய கணவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அடுப்பு எங்கே, படி எங்கே, சோறு எந்தப் பக்கம் என்று வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அக்காவின் குரல்தான் சொல்கிறது. "நான் வாய மூடிட்டா அவரு எங்கிட்டுப் போவாரு?" என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

முரளி அம்மாவின் பின்னால் ஓடவில்லை. என் எதிரே வந்து நின்றான்.

"எங்கம்மாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அது நீங்க வாயத் தொறந்ததாலதான்."

பாட்டம் லைன்

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். சரியாகச் செய்தும் ஒரு பொம்பளை செத்துப்போகலாம் என்பதும் தெரியும். டாக்டர் லிம் தாழ்வாரத்தில் பார்க்கும்போதெல்லாம், "பாட்டம் லைன் என்ன, வருவாரா மாட்டாரா?" என்று கேட்பார். நான் என்னத்தைச் சொல்வது?

ஒரு காலையில் மூன்று பேரும் வந்தார்கள். கணவர் அக்காவின் தோளைப் பிடித்தபடி நடந்து வந்தார். முரளி என்னைப் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டான். கணவருக்காக டாக்டர் மறுபடியும் முதலிலிருந்து விளக்கினார். அந்த மனிதர் தலையைச் சாய்த்து என் குரல் வந்த பக்கமே கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்கு முன்னால் சம்மதப் படிவமும் பேனாவும் கிடந்தன. அவர் தொடவில்லை.

கணவர் கையை நீட்டி மேசை மேல் தடவினார். அக்காவின் கை கிடைத்ததும் பிடித்துக்கொண்டார். பிறகு டாக்டருக்குச் சொல்லும்படி என்னிடம் ஒன்று சொன்னார். அதை நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் அக்கா பேனாவை எடுத்துவிட்டார்.

"கொரலு போனா இப்பிடிக் கையப் பிடிச்சுக்குவேன், அவளே போயிட்டா நான் எதம்மா பிடிச்சுக்கிறது?"

இத்தனை வருஷத்தில் நான் கண்டது, சாரத்தை மட்டும் சொல்லு என்று அவசரப்படுத்துகிறவர்கள் யாருக்கும், அந்தச் சாரம் எந்த வார்த்தையில் இருக்கிறது என்பது முழுசாகக் கேட்டு முடிக்கும்வரை தெரிவதில்லை.