சந்தனம் வைத்த பெட்டிகள்

"…அது இல்ல சார், நீங்க எடுத்துப் பாத்ததெல்லாம் நல்ல பெட்டி. கோளாறானது அந்தா, அந்த அடுக்குல கெடக்கு" என்று எங்கள் முதலாளி அண்ணாச்சி சொன்னபோது, சென்னையிலிருந்து வந்திருந்த ராணுவப் பரிசோதகர் முத்திரையை மையில் ஒற்றிக் கையை உயர்த்தியிருந்தார். கை அப்படியே நின்றது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பேட்டையில் ஒரு தகரக் கொட்டகைதான் எங்கள் கம்பெனி. அண்ணாச்சி மோட்டாருக்குக் கம்பி சுற்றியவர். நான் மேலப்பாளையத்தில் ரேடியோ பழுது பார்த்தவன். ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்குக் கேபிள் கட்டி பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்க ஆள் கிடைக்கவில்லை என்று நான் அலுத்துக்கொண்டபோது, "பீடி சுத்துன வெரலுக்கு ஈயம் வைக்க வராதாவே? கூப்பிடும்" என்றார். அப்படி வந்த பெண்களால்தான் வேலை பெருகியது. ஆனாலும் பெங்களூருக்கு அனுப்புவதை, "அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி வெளம்புதோம்" என்பார். ஒருவழியாக எங்கள் பெயரிலேயே முதல் ஆர்டர் வந்தது. வயர்லெஸ் கருவியின் பேட்டரி வைக்கும், தண்ணீர் புகாத இரும்புப் பெட்டி. இது தேறினால் ராணுவத்துக்கு நேரடியாகச் சாமான் கொடுக்கலாம். தேறாவிட்டால் மறுபடி பந்தி விளம்ப வேண்டியதுதான்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. மூடி போடாமல் வரிசையாக இருந்த பெட்டிகளுக்கு அண்ணாச்சியே கிண்ணத்தோடு போய்ச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். "பெட்டிக்கு அம்மையா போட்டிருக்கு அண்ணாச்சி, இப்பிடிப் பூசுதிய?" என்று ஒரு பெண் சிரித்தாள். "பேசாம இரு தாயீ, சண்டைக்குப் போற சாமான்லா" என்றார். மறுநாள் வெளியே தெரிந்ததைத் துடைத்துவிட்டு மூடிகளை முடுக்கினோம்.

பரிசோதகர் வந்த அன்று, அவர் பொறுக்கி எடுத்த பெட்டிகள் தண்ணீர்த் தொட்டியில் சமர்த்தாகக் கிடந்தன. அவர் காகிதங்களைப் பார்க்கும் நேரத்தில் நான் பின்கட்டில் மற்றொரு பெட்டியை முக்கிப் பார்த்தேன். குமிழ் குமிழாகக் கிளம்பியது. திறந்தால், ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தில் சந்தனம் காய்ந்து கட்டியாக இருந்தது. அண்ணாச்சியின் காதில் சொன்னேன். "வெளிய தெரியாது, பொறவு பைய மாத்திக்கிடலாம்" என்றும் சேர்த்துச் சொன்னேன். "முத்திரை விழுந்தா எப்பிடிவே தொறப்பீரு? மாஞ்சோலை மலையில பெய்யுத மாதிரி எல்லையிலயும் மழை பெய்யும்லா?" என்று கேட்டுவிட்டுத்தான் பரிசோதகரிடம் போனார்.

இன்று அந்தக் கம்பெனிக்குப் பெரிய பெரிய கட்டடங்கள். ஆயுத பூஜைக்குச் சரக்கு அறையைப் பூட்டிவிட்டு, வாசல் நிலைக்கு மட்டும்தான் பொட்டு வைக்கிறார்கள். புதிதாக வரும் பொறியாளர்களுக்குக் காரணம் தெரியாது. ஏதோ சாஸ்திரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு அந்தக் கட்டடம் எதுவும் கண்ணில் தெரியவில்லை. உயர்ந்து நின்ற ஒரு கை மட்டும்தான் தெரிந்தது.

அண்ணாச்சி கொண்டுவந்து காட்டிய பெட்டியில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்துவிட்டு, பரிசோதகர் முத்திரையைப் பைக்குள் வைத்தார்.

"இப்ப நான் பாஸ் போட முடியாது. புரியுதில்ல?"

"புரியுது சார்."

"யாரு வச்ச பொட்டு?"

"நான்தான்."

"மொத்தத்தையும் பிரிச்சு மாட்டணும். எப்ப முடிப்பீங்க?"

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெண்கள் இருந்த பெஞ்சில் இடம் கேட்டு உட்கார்ந்து, முதல் பெட்டியின் திருகாணியைக் கழற்றத் தொடங்கினார்.