வெளிச்சம் செத்த ரேடியம்

முப்பிடாதிக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமாகி ராசப்பனோடு கொச்சிக்கு வந்தவள், மட்டாஞ்சேரியில் கிருஷ்ணபிரசாத்தின் பழம்பொருள் கடைப் பின்கட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். ராசப்பன் இடக்கொச்சியில் கொத்தனார். கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையை அவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்ததும் கிருஷ்ணபிரசாத்தான். எங்கள் வீடு எதிர்ச்சாரி. நான் ஸாதனா, பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள். என் மாமியாருக்கு நான் வாயாடி, முப்பிடாதிக்கு டீச்சர்.

அவள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். உடைத்த கப்பல்களிலிருந்து வருகிற கடிகாரம், திசைகாட்டி, பிரஷர் மீட்டர் எல்லாம் அந்தக் கடையில் மூட்டை மூட்டையாய் இறங்கும். இருட்டிலும் தெரியவேண்டும் என்று அந்தக் காலத்தில் எண்களுக்கு மினுங்கும் பூச்சு பூசியிருந்தார்கள். இப்போது அவை மினுங்குவதில்லை. மங்கிய மஞ்சளாகப் பொரிந்து கிடக்கும். வாங்க வருகிற வெள்ளைக்காரர்களுக்கு மினுங்கியே ஆகவேண்டுமாம். அதனால் முப்பிடாதி பழைய பூச்சை பிளேடு முனையால் சுரண்டிவிட்டுப் புதுப் பூச்சு பூசுவாள். துணியால் துடைத்தால் அச்சு கலங்கிவிடும் என்று தூளை வாயால் ஊதித் தள்ளுவதுதான் அங்கே பழக்கம். ஊதி ஊதி அவள் மூக்குத்தியில்கூட மஞ்சள் படிந்திருக்கும். நெடுநாள் தவமிருந்து வயிற்றில் ஒன்று தங்கி, ஆறாம் மாதம் ஆனபோதும் ஊதிக்கொண்டுதான் இருந்தாள்.

வினை வல்லார்பாடம் துறைமுகத்தில் தொடங்கியது. கிருஷ்ணபிரசாத் வெளிநாட்டுக்கு அனுப்பிய கண்டெய்னர், கதிர்வீச்சு சோதிக்கும் வாயிலைக் கடக்கும்போது அலாரம் அடித்து நின்றுபோனது. மறுநாள் அதிகாரிகள் கையில் ஒரு கருவியோடு கடைக்கு வந்தார்கள். அளவு மிஞ்சினால் மட்டும் கூவுகிற கருவி. பின்கட்டு மேசையில் கூவியது, தரையில் கூவியது. இங்கே வேலை செய்வது யார் என்று கேட்டார்கள்.

"ஆருமில்ல சாரே. இது வெறும் ஸ்டோர் ரூமாணு" என்றார் கிருஷ்ணபிரசாத், நாக்கூசாமல்.

பக்கத்தில் சாயா வாங்கிக்கொண்டு நின்ற முப்பிடாதி அதைக் காதாரக் கேட்டாள். நேரே என்னிடம் வந்தாள்.

"டீச்சர், அது செத்த பெயிண்டுல்லா? வெளிச்சமே கெடையாதே. பெறவு எதுக்கு மிஷின் கத்துது?"

எனக்குப் பொய் சொல்ல வராது. "செத்தது, அந்தப் பெயிண்டிலே ரேடியத்தோட கலந்திருந்த வேறே பொடி. வெளிச்சம் விட்டது அதாக்கும். ரேடியம் சாகலை. அதிலே பாதி தீரவே ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆகும்" என்றேன்.

பாறைக்குள் இருக்கிற யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைகிற வழியில் பிறக்கிற உலோகம் அது, மலை மலையாய்த் தாது உடைத்துக் காய்ச்சினாலும் ஒரு சிட்டிகைதான் தேறும், புதிதாக வெட்டினால் வெள்ளிபோல வெளுத்திருக்கும், காற்றுப் பட்டதும் கறுத்துவிடும் என்று வகுப்பில் நடத்துவதுபோல அடுக்கிக்கொண்டே போனேன். அவள் அடுத்துக் கேட்கப்போவது எனக்குத் தெரியும். பயமாக இருந்தது.

"உள்ள போனா என்ன செய்யும்?"

"நம்ம உடம்புக்கு அதையும் கால்சியத்தையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது, முப்பிடாதி. எலும்பிலே கொண்டு வச்சுடும்."

பேயறைந்தாற்போல உட்கார்ந்துவிட்டாள். "பிள்ளைக்கு எலும்பு வளருத நேரம்னுல்லா டாக்டரம்மா சொன்னாவ. நான் குடுக்கதத்தான அது எடுத்துக்கிடும்?"

உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று சோதிக்க வழி உண்டு. ஆனால் அந்தப் பின்கட்டில் வேலை பார்த்தவள் என்று அதிகாரிகள் ஏற்றுக்கொண்டால்தான் அந்தச் சோதனைக்கு அனுப்புவார்கள். கிருஷ்ணபிரசாத்தோ அப்படியொருத்தியே இல்லை என்று சாதித்துவிட்டார். சேதி கேட்டு ஓடிவந்த ராசப்பன், "மொதலாளியப் பகைச்சா இருக்க எடமும் போயிரும்ட்டி" என்றான்.

"எடம் போனாப் போட்டும். பிள்ளை?"

அவன் எங்கள் வாசற்சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். எனக்கும் அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

மறுநாள் காலை பின்கட்டைப் பூட்டி முத்திரை வைக்க அதிகாரிகள் வந்தார்கள். முப்பிடாதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். "இங்க வேலை செய்யுதது நான்தான் சார்."

"மேலே வாடகைக்குத் தாமசிக்குன்ன ஸ்த்ரீயாணு சாரே. எனக்கு வேறொந்நும் அறியில்ல" என்றார் கிருஷ்ணபிரசாத்.

"நொண பறயாதே சேட்டா!" என்று கத்தினேன். பொய் சொல்லாதே என்று நான் தெருவே அதிரக் கத்தியும் யாரும் என்னைச் சட்டைசெய்யவில்லை. முப்பிடாதி அலட்டிக்கொள்ளாமல் இரண்டு கைகளையும் கருவிக்குக் கீழே நீட்டினாள்.

கூவியது.

"பாத்தியளா சார்? பாத்தியளா?" என்று சிரித்தாள். சாமியைக் கும்பிடுவதுபோல அந்தக் கருவியைக் கும்பிட்டாள். விஷம் கையில் இருக்கிறது என்று தெரிந்து ஒருத்தி சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். கிருஷ்ணபிரசாத் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குள் போய்விட்டார். அதிகாரி அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு கருவியை மெல்ல வயிற்றருகே இறக்கினார்.

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அங்க வேண்டாம் சார்."

அவர் காத்திருந்தார். இதற்காகத்தானே வந்தோம் என்று நினைத்தாளோ என்னவோ, அவளே கையை விட்டாள். கூவியது.

"சேலையிலே ஒட்டின தூளாயிருக்கும்! சேலைதான், வேறொண்ணுமில்லை!" என்று அலறிக்கொண்டு வீட்டுக்கு ஓடி என் துவைத்த நைட்டியை எடுத்துவந்தேன். பக்கத்து மிளகுக் கடைக்காரர் தன் கடைக்குப் பின்னாலிருந்த குழாயடியைக் காட்டினார். தோல் சிவக்கச் சிவக்கச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, என் நைட்டிக்கு மாறி ஈரத்தலையோடு வந்து நின்றாள் முப்பிடாதி. கூட்டத்தில் நின்ற ராசப்பன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் மூடவில்லை.

"இப்ப வைங்க சார்."

சத்தம் குறைந்திருந்தது. நிற்கவில்லை.